வியப்பும் பயிற்சியும்

நேர்கோட்டுப் பந்தயத்திற்கென்றே உருவான டாட்ஜ் சேலஞ்சர் டீமன், 2018இல் 3,300 மட்டுமே தயாரிக்கப்பட்டது. பந்தய எரிபொருளில் அதன் ஆற்றல் 840 குதிரைத்திறன். அதனை நேரில் காண்போர் வியப்பது இயல்பே. எனினும் வியப்பு எவரையும் பொறியாளர் ஆக்குவதில்லை.

கோவையின் கரிவர்தன், மாருதி எஞ்சின் பொருத்திய ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளைக் குறைந்த செலவில் உருவாக்கினார். ஃபார்முலா மாருதியில் தொடங்கிய நரேன் கார்த்திகேயன், 2005இல் ஃபார்முலா ஒன்றில் பங்கேற்ற முதல் இந்தியரானார்.

அந்தமான் நெடுஞ்சாலையில், ஜாரவா காப்பகப் பகுதிக்குள் மணிக்கு 40 கி.மீ.தான் உச்சவரம்பு. டீமனுக்கு இங்கே இடமில்லை. ஆனால், எஞ்சினைக் கழற்றிப் பூட்டிக் கற்கப் பந்தயத்தடம் எதற்கு? பத்துபஸ்தி மாணவர் கைக்கு ஒரு பழைய மாருதி எஞ்சின் எட்டட்டும். அதுவே நம் முதல் கோரிக்கையாகட்டும்.