கஞ்சிக்கு அழைப்பு வேண்டாம்

பெருநாள் பிரியாணி வேண்டுமென்றால் ஒரு பாயையாவது தெரிந்திருக்க வேண்டும். நினைவு வைத்து வாளியில் கொடுத்தனுப்ப அவருக்கு நம்மேல் பிரியமும் இருக்க வேண்டும். நோன்புக் கஞ்சிக்கு இந்த முன்கதை எதுவும் வேண்டாம். மாலை அசர் தொழுகை முடிந்த கையோடு ஒரு தூக்குச்சட்டியுடன் பள்ளிவாசல் பக்கம் போய் நின்றால், யார் எவர் என்று கேட்காமல் ஊற்றிக் கொடுப்பார்கள். ரமலான் வந்தால் பத்திரிகைகள் பிரியாணியைத்தான் படம் பிடிக்கின்றன. என்னைக் கேட்டால், தமிழ்நாட்டில் ரமலானை மதில் தாண்டி அடுத்த தெருவுக்குக் கொண்டுவந்தது கஞ்சிதான்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பள்ளிவாசல். நோன்பு மாதத்தில் மதியம் திரும்பினாலே வெந்தயமும் பூண்டும் பட்டையும் கலந்த வாசனை கொல்லைப்பக்கம் வந்துவிடும். வெள்ளிக்கிழமை அசைவம் தொடாத அம்மா, “கறி போட்டதான்னு கேட்டுட்டு வாங்கு” என்று சொல்லித்தான் தூக்கைக் கையில் கொடுப்பாள். கஞ்சி காய்ச்சும் பாய்க்கு அது அத்துப்படி. “இன்னைக்குக் கறி இல்லப்பா, அம்மாகிட்ட தைரியமாச் சொல்லு” என்பார். மற்ற நாளில் கைமா போட்டிருந்தால் வீட்டில் ஒரே போட்டி.

பச்சரிசி நொய், பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி பூண்டு, புதினா, மல்லி, கிடைத்தால் ரம்பை இலை, இறக்கும்போது தேங்காய்ப்பால். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை போலத்தான் தெரியும். கோடையில் நோன்பு வந்தால் ஏறத்தாழ 14 மணி நேரம் தண்ணீர்கூட இறங்காத வயிறு. பேரீச்சம்பழத்துக்கு அடுத்து அதில் என்ன விழலாம் என்று நன்றாக யோசித்தவர்கள் செய்த சமையல் இது. ஹைதராபாத்துக்காரர்களுக்கு ஹலீம் இருக்கிறது, இருக்கட்டும்.

தமிழ்நாடு அரசு 2001 முதல் கஞ்சிக்கென்று பள்ளிவாசல்களுக்கு அரிசி தருகிறது. அதை ஓட்டு அரிசி என்று கேலி பேசுகிறவர்கள் கஞ்சி காயும் தேக்சாவை எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். அரிசி மட்டுமா கஞ்சி? பருப்பும் கறியும் விறகும் ஆள்கூலியும் ஜமாஅத்தார் பொறுப்பு. இன்ன நாள் கஞ்சி இன்னார் உபயம் என்று வீடு வீடாக ஏற்றுக்கொள்கிறார்கள். கேலி செய்தே தீர வேண்டுமென்றால், ஒரு மணி நேரத்துக்குத் தொப்பி வைத்துக்கொண்டு கேமராவைப் பார்த்தபடி கஞ்சி குடிக்கும் தலைவர்கள் இருக்கிறார்களே!

கேமராவுக்காக அல்லாமல் ஆண்டுக்கணக்கில் நடப்பதும் உண்டு. திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலில் நோன்பாளிகளுக்குச் சைவ உணவு சமைத்துக் கொண்டுவந்து பரிமாறுகிறது மயிலாப்பூர் சூஃபிதார் அறக்கட்டளை. அதைத் தொடங்கிய தாதா ரத்தன்சந்த், பிரிவினையில் சிந்துவிலிருந்து வந்த அகதி. மதத்தின் பெயரால் ஊரை இழந்து வந்தவரின் ஆட்கள், நோன்பு திறக்கிறவர்களுக்குத் தட்டு வைக்கிறார்கள். பத்துச் சமய நல்லிணக்க மாநாட்டுக்கு இது சமம் என்று சொல்ல வந்தேன். மாநாடுகளை அவ்வளவு உயர்த்துவானேன்?

2020 ரமலானில் ஊரடங்கு. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. அந்த ஆண்டு கஞ்சி அரிசியை அரிசியாகவே வீடுகளுக்குக் கொடுக்க ஏற்பாடானது. அவரவர் குக்கரில் காய்ச்சிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அக்காவும் ஒரு கிண்ணம் கொடுத்தனுப்பினார். எல்லாம் சரியாகத்தான் போட்டிருந்தார். ஆனாலும் அது பள்ளிவாசல் கஞ்சி இல்லை. தேக்சாவின் அளவும் விறகுப் புகையும் காரணம் என்பார் பாய். வரிசையில் முன்னால் நிற்பவரின் தூக்கு நிரம்புவதைப் பார்த்து, நமக்கு மிஞ்சுமா என்று பதறும் பதற்றத்தையும் நான் சேர்த்துக்கொள்வேன்.

இப்போது ஒரு வருத்தம், பிளாஸ்டிக் பை. 2019-இல் அரசு தடை போட்டும், கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை அதில் வாங்கி முடிச்சுப் போட்டுக்கொண்டு பைக்கில் பறக்கிறார்கள். எங்கள் பள்ளிவாசலில் பாத்திரம் இல்லாமல் வந்தால் கஞ்சி கிடையாது என்று போன நோன்பில் அட்டை எழுதித் தொங்கவிட்டார்கள். வெறுங்கையோடு வந்தவர்களுக்கு உள்ளேயிருந்து சொம்பு எடுத்து ஊற்றிக் கொடுத்தார் பாய். பாதிச் சொம்பு திரும்பி வரவில்லையாம்.