தையல் பிரித்த பிறகு யார் பார்ப்பது?

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன் முடிந்ததும் ஊர் "குணமாகிவிட்டது" என்கிறது. ஆனால் அதற்குப் பிறகு 5 ஆண்டு கண்காணிப்பு இருக்கிறது. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் 3 ஆண்டுக்குள் திரும்பும். அதனால்தான் முதல் 2 ஆண்டு, 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ ரத்தப் பரிசோதனை, ஓராண்டில் கொலோனோஸ்கோபி, இடையிடையே சிடி ஸ்கேன்.

ராசிபுரம் பக்கத்துச் சேரியிலிருந்து சேலம் அரசு மருத்துவமனைக்கு வந்துபோனால் ஒருநாள் கூலி போச்சு. முதலமைச்சர் காப்பீட்டில் 5 லட்சம் உண்டு, அந்தக் கூலி கிடையாது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர் லீவு கேட்கவே பயப்படுகிறார். தேதி தவறினால் 'அறியாமை' என்பார்கள். நாங்கள் அப்படிச் சொல்ல மாட்டோம்.

வயிற்றில் பையோடு வாழ்பவர் நிலை இன்னும் மோசம். ஏற்கெனவே தள்ளி நிற்கச் சொன்ன ஊருக்கு இப்போது 'நாற்றம்' என்று ஒரு சாக்கும் கிடைக்கிறது. பையைச் சுத்தம் செய்யத் தண்ணீரும் கழிப்பறையும் வேண்டும். எத்தனை காலனி வீடுகளில் இருக்கிறது?

2021 ஆகஸ்ட்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருகிறது. சிஇஏ-வுக்கான ரத்தத்தை ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்துச் சேலத்துக்கு அனுப்பினால் என்ன? ரத்தம் பயணம் போகட்டும், ஆள் ஏன் போக வேண்டும்?

தோழர்களே, உங்கள் ஊரில் சிகிச்சை முடித்தவர்களின் அடுத்த பரிசோதனைத் தேதியைக் கேட்டு எழுதிவையுங்கள். அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல், அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருவோம்.