கயத்தாற்றில் நீதிபதி இருந்தாரா?

கட்டபொம்மனுக்குத் தூக்குத் தண்டனை விதித்த மேஜர் பானர்மனை 'நீதிபதி' என்றும், 1799 அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் நடந்ததை 'விசாரணை' என்றும் எழுதுவோர் இன்னும் நம்மிடையே உளர். இச்சொற்களை நாம் ஏற்பதற்கில்லை.

பாளையங்கோட்டையிலிருந்து படை நடத்திச் சென்று பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியவர் பானர்மன். தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் புதுக்கோட்டைத் தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கொடுத்தனர். கயத்தாற்றில் குற்றம் சாட்டியவரும் பானர்மன், தீர்ப்புரைத்தவரும் அவரே, தூக்கிலிடச் செய்தவரும் அவரே. பிற பாளையக்காரர்கள் கூட்டி நிறுத்தப்பட்டது நீதி கேட்கவா? கண்டு நடுங்கவே! கைதிக்காக வாதாட ஒருவரில்லை. மேல்முறையீடும் இல்லை. இவ்வாறு எதிரியே தீர்ப்பளிப்பதை எந்த ஷரீஅத் நீதியென்று ஒப்பும்? கலீஃபாவாயிருந்த ஹஸ்ரத் அலீ (ரலி) அவர்கள் தமது கவசத்துக்காகக் காழி ஷுரைஹ் முன் சாதாரண வழக்காளியாக நின்று, சாட்சியம் போதாமல் வழக்கை இழந்ததாகக் கூறப்படும் வரலாற்றை நம் மதரஸாப் பிள்ளைகளும் அறிவர்.

கும்பெனியார் சட்டப்படி ஆண்டனர், கிஸ்தி செலுத்தாதவரைத் தண்டித்தனர் என்பது எதிர்வாதம். எந்தச் சட்டம்? 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் அவர்கள் பெற்றது பாளையக்காரரிடம் பேஷ்குஷ் வசூலிக்கும் உரிமை. திருநெல்வேலிச் சீமையின் அரசுரிமை அன்றும் ஆர்க்காட்டு நவாபுக்கே உரியது; கும்பெனி அதைப் பறித்துக்கொண்டது 1801-இல்தான். தாமிரபரணிக் கரையில் வரி தண்ட வந்தவன் தலையையும் தண்டினான் என்பதே உண்மை.

நவாபுகளை உயர்த்திப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. மதுரையையும் நெல்லையையும் ஆண்ட கான்சாகிபு யூசுப்கானை 1764 அக்டோபரில் மதுரையில் தூக்கிலிட்டபோது இந்தப் போலி விசாரணைகூட நடக்கவில்லை. தூக்கிலிடச் செய்தவர் நவாப் முகம்மது அலீ. ஒரு முஸ்லிமை ஒரு முஸ்லிமே கொன்றான் என்பதற்காக அதை நாம் மூடி மறைப்பதா?

அரசனுக்கு மரணதண்டனை விதித்த நீதிபதியைக் காண வேண்டுமானால் இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும். 1649 ஜனவரியில் முதலாம் சார்லஸ் மன்னரை விசாரித்த மன்றத்துக்குத் தலைமை தாங்கிய வழக்கறிஞர் ஜான் பிராட்ஷா. அம்மன்றமும் முறையானதென்று நாம் சான்று தரவில்லை. எதிர்ப்போரை விலக்கிவிட்டு எஞ்சிய பாராளுமன்றம் அமைத்தது அது. ஆயினும் எந்த அதிகாரத்தால் என்னை விசாரிக்கிறீர் என்று மன்னர் சபையறியக் கேட்டார். பிராட்ஷா இங்கிலாந்து மக்களின் பெயரால் விடை கூற வேண்டியிருந்தது. கயத்தாற்றில் அக்கேள்விக்கே இடமில்லை.

மன்னராட்சி மீண்டதும், இறந்துபோயிருந்த பிராட்ஷாவின் உடலைத் தோண்டியெடுத்து 1661-இல் தூக்கில் தொங்கவிட்டனர். பானர்மனோ தாயகம் திரும்பிப் பாராளுமன்றத்திலும் கும்பெனி இயக்குநர் சபையிலும் அமர்ந்தார். 1817-இல் பினாங்கின் கவர்னராக அனுப்பப்பட்டார். கப்பலேறிப் போன நம் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் அங்கே ஏற்கெனவே பள்ளிவாசல் எழுப்பி வாழ்ந்துகொண்டிருந்தனர். 1819-இல் அவர் அங்கேயே, கவர்னராகவே இறந்தார்.