ஊன்போலி உணவும் சைவர் கடப்பாடும்

மேலைநாட்டு நகரங்களின் தெருமுனைகளில் இக்காலத்துப் புதுவகை உண்டிச்சாலைகள் பல தோன்றியுள்ளன. அவற்றில் ஊன் இல்லை, முட்டை இல்லை, பாலும் இல்லை. 1944-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவர்தம் நண்பரும் 'வீகன்' எனப் பெயரிட்டு நிறுவிய நெறியே இவற்றிற்கு அடிப்படை. ஆயினும், ஆண்டுப் பரிமாறப்படுவன அந்நாட்டார் இளமைதொட்டு உண்டு பழகிய பண்டங்களின் போலிகளே. கோதுமைப் பசையாற் கோழிப்பொரியல் போல்வதும், சோயாவினாற் பர்கரும், முந்திரிப் பருப்பினாற் பாலடைக்கட்டி போல்வதும் அமைக்கின்றனர். இவற்றை நோக்கிச் சைவருள் ஒருசாரார், "ஊனின் வடிவையும் சுவையையும் விழைந்துண்டல் ஊனுண்டலே" என இகழ்கின்றனர். இஃது ஆராயத்தக்கது.

புலாலுண்டல் பாவமாதல் எதனால்? சுவையினால் எனின், சுவையாது வெறுத்துண்பானுக்குப் பாவமின்று என முடியும். வடிவினால் எனின், ஆட்டுப்பலியை நிறுத்திக் குங்குமம் பெய்த பூசணிக்காயை உடைப்பித்த சான்றோர் பாவஞ்செய்தாராவர். செந்நீர்போற் றோன்றுதற்கன்றோ அக்குங்குமம்? அவர் செய்தது அறமேயென்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆகவே, பாவத்திற்கு வேர் கொலையே. திருவள்ளுவர் அருளுடைமையை 25-ஆம் அதிகாரமாகவும், அதனையடுத்துப் புலான் மறுத்தலை 26-ஆம் அதிகாரமாகவும் வைத்த முறையும் இதனையே காட்டும்.

"ஊன்மேற் செல்லும் அவா குற்றமன்றோ?" எனின், குற்றமே. ஆயினும், சீவன்முத்தரையும் வாசனாமலம் தாக்குமாதலின், அதனைக் களையும் நெறியை மெய்கண்டார் சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்து வகுத்தருளினார். முத்தர்க்கே வாசனை எஞ்சுமாயின், நேற்றுக் கொலையுணவை விடுத்தவனுக்கு நாவின் வாசனை எஞ்சுதல் வியப்பன்று. சரியையில் நிற்பானை ஞானத்தில் நில்லாமைபற்றி இகழ்வார் யார்?

இனி, பிறவியிற் புலாலறியாச் சைவர் இப்போலியுணவை விரும்பிப் பயிலுதல் தகாது. கீழே நிற்பானுக்கு ஏணி ஏறுதற்காம். மேலே நிற்பான் அதன்வழி இறங்குதல் பேதைமை. அன்றியும், ஊனொழித்தல் மாத்திரையே சைவமாகாது. திருநீறும் ஐந்தெழுத்தும் சிவபத்தியும் இன்றி, உண்டிச்சாலைப் பலகையிற் 'சைவம்' என்றெழுதுதலால் உணவின் வகை விளங்குமேயன்றிச் சமயம் விளங்காது.

இகழ்வோர் தம்மையும் நோக்குக. பால்தாரா ஆண்கன்றும் பால்வற்றிய பசுவும் கொலைக்களத்திற்கு விற்கப்படுதல் இன்று கண்கூடு. ஒரு கன்றின்பொருட்டுத் தன் மைந்தன்மேற் றேரூர்ந்த மனுச்சோழரைப் போற்றுவோர், தாம் திருமுழுக்கிற்கு வாங்கும் பால் எத்தொழுவத்தது, அதன் கன்று யாதாயிற்று என வினவினரா? ஆனைந்தாடும் பெருமானுக்கு ஆன்பால் உரியதே. அதனை அளிக்கும் ஆவையும் கன்றையும் இறுதிவரை ஓம்புதல் அடியார்க்கு உரிய கடன். கோயில்தோறும் திருமடந்தோறும் ஆனிரை காத்து அக்கடனை ஆற்றியபின், பிறர் உண்கலத்தை ஆராய்க.

திருச்சிற்றம்பலம்.