மூலக் கார்புரேட்டர் எது?

பழைய கார்களின் சந்தையில் ‘ஒரிஜினல்’ என்ற சொல் விலையை உயர்த்துகிறது. அச்சொல்லுக்குச் சான்று கேட்பவர் குறைவு. 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவில் பேணப்பட்டு, அடிச்சட்டம், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் காணாத வண்டியையே ‘விண்டேஜ்’ என ஏற்கின்றன. கார்புரேட்டரோ சில திருகுகளைத் தளர்த்தினால் கையோடு வந்துவிடும் உறுப்பு. மூலம் எது என்ற கேள்வி அதனிடத்தில்தான் மிகவும் சிக்கலாகிறது.

எஞ்சினின் பெயரைக் கொண்டு கார்புரேட்டரை முடிவுசெய்வது பரவலான பிழை. அம்பாசடரில் 1959 முதல் இடம்பெற்ற 1489 சிசி எஞ்சின் பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி’ வரிசையைச் சேர்ந்தது. 1955இல் வெளிவந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரிலும் அதே வரிசை, அதே கொள்ளளவு. ஆயினும் அம்பாசடருக்கு ஒற்றை எஸ்யூ. எம்ஜிஏவுக்கு ஒன்றரை அங்குல எஸ்யூ இரண்டு. அந்த இரண்டும் ‘எச்4’ வகை. 1962இல் வந்த எம்ஜிபியின் ‘எச்எஸ்4’ கார்புரேட்டரும் ஒன்றரை அங்குலமே. அளவு ஒத்துப்போவதால் எம்ஜிஏவில் அதைக் காண்பவர் மூலமென்று நம்பிவிடலாம். உண்மையில் அது பிற்கால வரவு.

எஸ்யூவின் அடையாள எண், மிதவை அறை மூடியின் திருகுக்கு அடியில் செருகப்பட்ட சிறு உலோகத் தகட்டில் இருக்கும். மிதவை அறையைச் சுத்தம் செய்யும்போதெல்லாம் அந்தத் திருகு கழன்றாக வேண்டும். எனவே முதலில் தொலைவது தகடு. எளிதில் புதிதாகச் சேர்க்கத்தக்கதும் அதுவே. பளபளக்கும் தகட்டைவிட உள்ளே இருக்கும் ஊசி நம்பத்தக்க சாட்சி. அதன் தண்டில் பொறித்த எழுத்து, எந்த எஞ்சினுக்கான கலவை என்பதைக் காட்டும். ஊசியும் மாற்றத்தக்கதுதான், ஆனால் விற்பனைக்காக அலங்கரிப்பவர் அவ்வளவு ஆழம் போவது அரிது.

அமெரிக்க ரோச்செஸ்டர் குவாட்ராஜெட்டில் எண் உடலிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதனுடன் நான்கிலக்கத் தேதிக் குறியும் உண்டு: முதல் மூன்று இலக்கங்கள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதையும், கடைசி இலக்கம் ஆண்டின் இறுதி எண்ணையும் சொல்லும். 1969ஆம் ஆண்டு வண்டியில் 1239 என்றிருந்தால் அந்தக் கார்புரேட்டர் 1969 மே 3இல் உருவானது. வண்டி ஏப்ரலிலேயே ஆலையை விட்டு வெளியேறியிருந்தால், எண் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் பயனில்லை.

ஒரே ஒரு மூலம் இருந்தாக வேண்டும் என்ற எண்ணமும் ஆய்வுக்கு நிற்காது. ஃபோர்டு மாடல் டி காருக்கு ஹோலி, கிங்ஸ்டன் என ஒன்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஒரே காலத்தில் கார்புரேட்டர் வழங்கின. சுவடிப் பதிப்பாளர் பாடபேதங்களை எதிர்கொள்வதுபோலத்தான் இதையும் எதிர்கொள்ள வேண்டும்: ஒன்றைப் பிழையென்று தள்ளுமுன் இரண்டும் ஆலையிலிருந்தே வந்தவையா என்று பார்க்க வேண்டும்.

இந்தியச் சூழலில் இன்னொரு சிக்கல் உண்டு. இறக்குமதிக் கட்டுப்பாடு நிலவிய பல பதிற்றாண்டுகளில் வெளிநாட்டு உதிரிபாகம் கிடைப்பது அரிதாக இருந்தது. கிடைத்ததைப் பொருத்தி வண்டியை ஓடவைத்தவர்கள் உள்ளூர் மெக்கானிக்குகள். அவர்கள் அடாப்டர் தகடு கடைந்து மாட்டிய கார்புரேட்டர், அந்த வண்டி இந்நாட்டில் வாழ்ந்த வாழ்க்கையின் ஆவணம். அதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, வரலாறு தெரியாத ஒன்றை வெளிநாட்டிலிருந்து தருவித்து ‘மூலம்’ என அறிவிப்பதை மீட்டெடுப்பு என்று சொல்வது கடினம். மாற்றவே கூடாது என்பதல்ல வாதம். பொருந்தாத கார்புரேட்டர் எரிபொருளைத் தின்னும், எஞ்சினையும் கெடுக்கும். மாற்றுபவர் எதை, எப்போது, எந்தச் சான்றின் பேரில் மாற்றினார் என்று எழுதிவைக்கலாம்; கழற்றியதை ஒரு பெட்டியில் இட்டு வண்டியோடு அடுத்த உரிமையாளருக்குக் கொடுக்கலாம். கண்காட்சி நடுவர்களும் தகட்டு எண்ணைக் குறித்துக்கொள்வதோடு நிற்காமல் அந்தக் குறிப்பையும் கேட்கத் தொடங்க வேண்டும்.