உத்தியோகப் பிரயாணமும் ஒரு கறி மீனும்

உத்தியோக நிமித்தம் யாழ்ப்பாணம் சென்று மீளும் அன்பர்கள் சொல்லும் குறை ஒன்றுண்டு: "நண்டுக்குப் பேர்போன ஊர் என்றார்கள், எனக்கு வாய்த்ததோ ஐஸில் கிடந்த துண்டு மீன்!"

குறை ஊரினது அன்று. கந்தோர் அலுவல் முடித்து இரவு எட்டு மணிக்கு விடுதியிற் புகுந்து, "நல்ல மீன் என்ன உண்டு?" என்று கேட்டால் விடுதிக்காரர் வேறென்ன செய்வார்? அங்கே மீன் காலையில் விலைபோகும் பொருள்.

கேட்க வேண்டியது, "இன்று என்ன காற்று?" என்பதே. கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்றால் பருத்தித்துறைக் கடல் கொந்தளிக்கும். அந்நாளில் அங்கே போய் அறக்குளா தேடுவது வீண் அலைச்சல். ஆழமின்றிப் பரந்து கிடக்கும் கடனீரேரியோ அத்துணைச் சினங்கொள்வதில்லை. அங்கே சிறகுவலையில் இரவு விழுந்த இறாலும் ஓராவும் திரளியும் விடியலில் கரை சேரும். குருநகருக்கோ பாசையூருக்கோ ஏலம் கூறி முடியுமுன் போய்விடுங்கள். கந்தோர் அதன் பிறகுதானே திறக்கும்! வாங்கிக் கொடுத்தால் சமைத்துத் தரும் சிறு கடைக்காரரும் உளர்.

நண்டு வாங்குவதில் நிதானம் வேண்டும். அண்மையிற் கோது கழற்றிய நண்டில் சதையிராது, நீரே இருக்கும். அடிவயிற்றை விரலால் அழுத்தினால் அமுங்காததே கொள்ளத்தக்கது. முட்டை சுமக்கும் பெண் நண்டைக் கடலுக்கே விட்டுவிட வேண்டும் என்பது என் கட்சி. நீல நண்டிற் பெரும்பகுதி பதனிடப்பட்டு அமெரிக்கா முதலிய தேசங்களுக்குப் போய்விடுகிறது. ஆகவே கரையில் நல்லது கிடைத்த நாளை அதிர்ஷ்ட நாள் என்றே கொள்க.

கிடைக்காவிட்டால் சூடையும் முரலும் எங்கே போயின? பெரிய துண்டு மீனையே கேட்டுப் பழகிய பிரயாணி இவற்றை ஏறெடுத்தும் பாரான். சிறு வலைகாரனின் அடுப்பு எரிவதோ இவற்றால். அவன் பட்ட பாடு கொஞ்சமன்று. மயிலிட்டித் துறை 1990-இல் போரினால் அவன் கையை விட்டுப் போய், 2017-இலேதான் திரும்பியது. கடலடியை வாரும் இழுவைமடியை இலங்கைச் சட்டம் அவ்வாண்டே தடுத்தது. ஆயினும் பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வரும் இழுவைப் படகுகள் அவன் வலையை அறுப்பது ஓயவில்லை. கரையில் நாம் நேரே கொடுக்கும் காசு அவனுக்குப் பெரிது.

ஒடியற்கூழ் மட்டும் தனித்த பிரயாணிக்கு எளிதில் வாய்க்காது. பச்சைப் பனங்கிழங்கைக் கிழித்துக் காயவைத்து இடித்த மா. அதை நீரில் ஊறவிட்டுக் கசப்புப் போக்க வேண்டும். பிறகு மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, பழப்புளி, செத்தல் மிளகாய் என்று ஒரு பெரும் பானை நிறைந்தாக வேண்டும். ஒருவனுக்காக யார் பானை ஏற்றுவார்? அங்கே ஒரு சிநேகிதர் வேண்டும். அவருக்குச் சுற்றமும் வேண்டும். பனையோலைப் பிளாவில் வார்த்து, எல்லாருமாய்க் கூடியிருந்து குடிப்பது அது.

நாளும் பார்த்துப் போங்கள். வெள்ளிக்கிழமை சைவ வீடுகளில் மச்சச் சட்டி அடுப்பேறாது. நல்லூரிற் கொடியேறிவிட்டாலோ, 25 நாளும் பல வீடுகளில் அதே கதிதான். அச்சமயம் பிரயாணம் நேர்ந்தால் கத்தரிக்காய்க் குழம்போடு சமாதானம் செய்துகொள்க. அதுவும் அங்கே மோசமில்லை.