கதவைக் கழற்றிப் பல்லக்காக்கச் சொன்னவர்கள்

போன வருடம் சென்னையில் ஒரு தோழரின் திருமணத்துக்குப் போயிருந்தேன். மேடையில் பிளாஸ்டிக் பூ இல்லை. தென்னங்குருத்துத் தோரணம், வீட்டிலிருந்த பழைய புடவைகளை வெட்டித் தைத்த திரை, விதைக் காகிதத்தில் அழைப்பிதழ். நண்பர்கள் பத்துப் பேர் இரண்டு வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் கையாலேயே செய்திருந்தார்கள். "அலங்காரத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்டாங்க. நாங்க 12,000 ரூபாய்ல முடிச்சோம்" என்று மணமகன் மைக்கில் சொன்னார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும்தான் தட்டினேன்.

பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் மணமகனின் சித்தி. "பொண்ணு வேற யாரும் இல்ல, எங்காளுங்கதான். ஜாதகமும் நல்லா பொருந்தியிருந்துச்சு. அப்புறம் இதுங்க எப்படிக் கட்டிக்கிட்டா என்னன்னு விட்டுட்டோம்" என்றார்.

பிரம்மதேசம் திரும்பும் பேருந்தில், திண்டிவனம் வரும்வரை அந்தப் பேச்சு மனதைவிட்டுப் போகவில்லை. தோரணத்தைத் தாங்களே கட்டினார்கள். திரையைத் தாங்களே தைத்தார்கள். அழைப்பிதழைத் தாங்களே வரைந்தார்கள். துணையைத் தேடும் வேலையை மட்டும் சாதியிடம் கொடுத்துவிட்டார்கள். இதை முற்போக்குத் திருமணம் என்று நாம் கொண்டாடுகிறோம்.

தோழர்களே, நான் சிக்கனத்துக்கு எதிரி அல்ல. கல்யாணக் கடன் என்றால் என்னவென்று தெரிந்த வீட்டிலிருந்து வருகிறேன். 2016-இல் அக்காவுக்குக் கல்யாணம் செய்த கணக்கு எழுதிய நோட்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மண்டபம் 60,000. சாப்பாடு 1,40,000. பேண்டும் போட்டோவும் 45,000. மேடை அலங்காரம் 18,000. பத்திரிகை 7,000. அடுத்த பக்கத்தில், 10 பவுன் நகை 2,30,000. மாப்பிள்ளைக்கு பைக் 75,000. கட்டில், பீரோ, பாத்திரம் 60,000.

கூட்டிப் பாருங்கள். மொத்தம் 6,35,000. இதில் நண்பர்கள் கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு மிச்சப்படுத்தக் கூடியது அலங்காரமும் பத்திரிகையும்தான். இரண்டும் சேர்ந்து 25,000. நூற்றுக்கு நான்கு ரூபாய். வந்தவர்கள் சாப்பிட்டது, பார்த்தது, கேட்டது எல்லாம் சேர்ந்து 2,70,000. பெண்ணோடு சேர்த்து மாப்பிள்ளை வீட்டுக்கு ஏற்றி அனுப்பியது 3,65,000. வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது 1961-இல். எங்கள் வீட்டில் யாரும் அதை வரதட்சணை என்று சொல்லவில்லை. "நம்ம பொண்ணுக்கு நாம செய்யுறது" என்றார்கள். அந்த 'செய்யுறது' மகளிர் குழுக் கடனாகவும் மூன்று வட்டிக் கடனாகவும் மாறி, அம்மா 2022 வரைக்கும் கட்டினார்.

காகிதப் பூவுக்கு இந்தப் பக்கத்தைத் தொடும் சக்தி கிடையாது. கல்யாணத்தில் பணத்தை மிச்சப்படுத்தும் வழி என்று நமக்குச் சொல்லப்படுவதெல்லாம் கண்ணுக்குத் தெரியும் மேடையைப் பற்றியவை. பீரோவுக்குள் போகும் நகையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசினால் சாதியைப் பற்றியும் பேச வேண்டி வரும். ஜாதகம், வரன், பவுன், சீர் எல்லாம் ஒரே சங்கிலி. அந்தச் சங்கிலியின் பெயர் அகமணமுறை. சாதிக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் வரை, அந்தச் சின்னச் சந்தையில் மாப்பிள்ளையின் விலை இறங்காது.

'நாமே செய்துகொள்வது' என்பதன் உண்மையான பொருளை இந்த மண் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது. 1873-இல் மகாராட்டிரத்தில் ஜோதிராவ் புலேயின் சத்தியசோதக் சமாஜம் புரோகிதர் இல்லாமல் திருமணம் நடத்தியது. 1928-இல் அருப்புக்கோட்டை பக்கத்துச் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்தி வைத்தார். அந்தத் திருமணங்கள் கழற்றிப் போட்டது தோரணத்தை அல்ல, புரோகிதரை. எங்கள் ஊரின் பெயரே பிரம்மதேயத்தின் நினைவு. பிராமணர்களுக்கு மன்னர்கள் தானமாகக் கொடுத்த நிலத்தைத்தான் அப்படி அழைத்தார்கள். தமிழ்நாட்டில் பிரம்மதேசங்கள் பல உண்டு. இப்படி ஒரு பெயர்கொண்ட ஊரில் பிறந்தவளுக்கு, தட்சணை இல்லாத கல்யாணம் வெறும் சிக்கனமாகத் தெரியாது. தலைமுறை தலைமுறையாகப் போய்க்கொண்டிருந்த தானத்தை நிறுத்தும் செயலாகத்தான் தெரியும்.

சிக்கனமும் அதோடு சேர்ந்தே வரும். பஞ்சாங்கத்துக்கு ஒரு விலை இருக்கிறது. முகூர்த்த நாளில் மல்லிகை என்ன விலைக்குப் போகும் என்று திண்டிவனம் பூக்கடைகளில் கேட்டுப் பாருங்கள். அதே மண்டபத்தை ஆடி மாதத்தில் கேட்டால் வாடகையைக் குறைத்துப் பேசலாம். ஞாயிறு மாலை நாலரை முதல் ஆறு வரை ராகு காலம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட வசதியான நேரம் கிடையாது. சுயமரியாதைக்காரர்கள் ராகு காலத்தில் கல்யாணம் நடத்தியது மூடநம்பிக்கையை உடைப்பதற்காக. உடைந்ததோடு செலவும் குறைந்தது. எதை முதலில் உடைக்க வேண்டும் என்ற வரிசைதான் முக்கியம்.

இதற்காக ஒரு தலைமுறையே விலை கொடுத்தது. இந்தத் திருமணங்கள் செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அதாவது, மேடையில் மாலை மாற்றிக்கொண்ட பெண் சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை. 1967-இல் அண்ணாவின் அரசு இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. 1968 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களும் செல்லும் என்று அதிலேயே எழுதப்பட்டது. அந்தப் பிரிவு கேட்பது மிகக் கொஞ்சம். உறவினரோ நண்பரோ வேறு யாரோ முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில், உன்னைத் துணையாக ஏற்கிறேன் என்று சொல்ல வேண்டும். அல்லது மாலை மாற்ற வேண்டும், அல்லது மோதிரம் அணிவிக்க வேண்டும், அல்லது தாலி கட்ட வேண்டும். ஏதாவது ஒன்று போதும். பிறகு 2009-ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டத்தின்படி 90 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். இருவரும் இந்துக்கள் என்றால்தான் இந்த 7ஏ. மதம் மாறி மணப்பவர்கள் 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும். அங்கே 30 நாள் அறிவிப்பு உண்டு. அந்த 30 நாளில் வீட்டார் தேடி வந்துவிடலாம் என்பது அதிலுள்ள ஆபத்து.

இரண்டு மாலை, நான்கு பேர், ஒரு வழக்கறிஞரின் அறை. சாதி மறுத்துக் காதலித்தவர்களின் கல்யாணம் பல நேரங்களில் இவ்வளவுதான். எளிமை அழகாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்கு அது உயிர் பிழைக்கும் வழி. 2003-இல் விருத்தாசலம் பக்கத்தில் கண்ணகியும் முருகேசனும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு அதை வெளியில் சொல்லாமல் இருந்தார்கள். இரண்டே மாதத்தில், ஜூலை 8 அன்று, விஷம் ஊற்றிக் கொல்லப்பட்டார்கள். 2012-இல் தருமபுரி நத்தம் காலனியில், ஒரு திருமணத்தைக் காரணம் காட்டி வீடுகளைக் கொளுத்தினார்கள். வழக்கறிஞர் அறையில் நடக்கும் திருமணங்கள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் கொடுத்த தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தவறு என்று நிராகரித்தது. 7ஏ திருமணத்துக்கு ஊரறிய அறிவிப்பு தேவையில்லை, வீட்டாரின் மிரட்டலுக்கு அஞ்சும் ஜோடிகளும் இருக்கிறார்கள் என்பதை அது ஏற்றது. சமூக வலைத்தளத்தில் சின்னக் கல்யாணம் என்று படம் போடுகிற தோழர்கள் இவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். உங்கள் கல்யாணத்துக்கு முப்பது பேரை மட்டும் அழைத்தது உங்கள் விருப்பம். அவர்கள் அழைக்க முடிந்தது நான்கு பேரை.

இதையெல்லாம் எழுதுகிற நான் என் அம்மாவிடம் தோற்றுப்போனேன். அதையும் சொல்ல வேண்டும்.

எனக்கும் திருமணம் முடிவாகியிருக்கிறது. அவர் வேறு சாதி. மண்டபம் வேண்டாம், பேண்டு வேண்டாம், வீட்டு வாசலில் கீற்றுக் கட்டி முடித்துக்கொள்ளலாம் என்று அம்மாவிடம் சொன்னேன். பெரியார் பெயரையும் இழுத்தேன். அம்மா கேட்டார்: "உங்க பாட்டி கல்யாணத்துல மேளம் கிடையாது. ஊர்த் தெருவுல நடக்கக் கூடாது. என் கல்யாணம் வாசல்ல நாலு கீத்து போட்டு நடந்துச்சு. அப்ப அதுக்குப் பேரு எளிமை இல்லடி, இல்லாமை. இப்ப நாலு பேரு பார்க்க மண்டபத்துல பண்ணலாம்னா, நீ வந்து திரும்பவும் கீத்து கட்டுங்கற."

எனக்குப் பதில் இல்லை. ஆய்வுக்காகப் படித்த ஒன்று நினைவுக்கு வந்தது. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் பகுதியில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மீது 8 தடைகளை விதித்தார்கள். பொன், வெள்ளி நகை அணியக் கூடாது. பெண்கள் பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது. அது போதாதென்று 1931 ஜூனில் தடைகளை 11 ஆக்கினார்கள். கல்யாணத்துக்கு மேளம் கூடாது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை கூடாது. பல்லக்கு வேண்டுமானால் வீட்டுக் கதவைக் கழற்றிப் பல்லக்காக்கிக்கொள்ள வேண்டும். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் தன் நூலில் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

கையில் இருப்பதை வைத்து நீயே செய்துகொள் என்று எங்களுக்கு முதலில் சொன்னது சாதிதான். சிக்கனத்தை எங்களுக்குச் சட்டமாகவே போட்டது. அப்படித் தடுக்கப்பட்டவர்கள் இன்று மண்டபம் எடுத்து, பேண்டு வைத்து, மெயின் ரோட்டில் மாப்பிள்ளை அழைப்பு போனால், அதை வீண் ஆடம்பரம் என்று எழுத நம் பேனாவுக்கு என்ன உரிமை இருக்கிறது? மூன்று தலைமுறையாகப் பட்டுடுத்திச் சலித்தவர்கள் கதருக்கு மாறுவதும், பட்டே உடுத்தக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் முதல் முறையாக அதை உடுத்துவதும் ஒன்றல்ல. எளிமையை அறிவுரையாகச் சொல்லும் முன், அதைக் கேட்பவர் யார் என்று பாருங்கள்.

இன்னொரு கேள்வியும் உண்டு. நாங்களே செய்தோம் என்கிறீர்களே, எச்சில் இலையை எடுத்தது யார்? சென்னைத் திருமணத்தில் பாத்திரம் கழுவியவர்களின் பெயர் நன்றியுரையில் இல்லை. கிராமத்துக் கல்யாணத்தில் பறையடிப்பதும், துணி வெளுப்பதும், சவரம் செய்வதும், இலை எடுப்பதும் சாதிக் கடமையாக இருந்தன. கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, படி நெல்தான். இன்று அந்த வேலைகள் கேட்டரிங்காரர்களிடம் போயிருக்கின்றன. முகூர்த்த நாளில் எங்கள் பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் பஸ் ஏறிப் போய்ப் பரிமாறிவிட்டு நள்ளிரவில் திரும்புகிறார்கள். கையால் செய்யும் வேலையில் உங்களுக்கு அவ்வளவு ஆசை என்றால் இலை எடுங்கள். அண்டா கழுவுங்கள். காகிதப் பூ செய்ய எந்தச் சாதியும் யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. பூ கட்டுகிறவருக்கும் பறை இசைக் கலைஞருக்கும் சமையற்காரருக்கும் பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். அவர்கள் கூலியில் மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது.

எங்கள் கல்யாணத்துக்கு நானும் அம்மாவும் மூன்று நாள் சண்டை போட்டு ஒரு கணக்குக்கு வந்திருக்கிறோம். மண்டபம் உண்டு. பறையும் உண்டு, கலைஞர்கள் கேட்ட தொகைக்கு. வருகிறவர்கள் எல்லாருக்கும் பிரியாணி உண்டு. ஊர்வலமும் உண்டு, எந்தத் தெருவில் என்பதை நாங்கள்தான் முடிவு செய்வோம். புரோகிதர் இல்லை, ஜாதகம் இல்லை, முகூர்த்தம் இல்லை. ஞாயிறு மாலை ராகு காலம். அழைப்பிதழ் தம்பி கைப்பேசியில் செய்தது. தாலிக்குப் பதில் மாலை.

நகை இல்லை. இதில்தான் பெரிய சண்டை. அவர் வீட்டில் சொல்லி அனுப்பினார்கள்: "சாதிதான் வேற. நகையாவது போடச் சொல்லுங்க. சொந்தக்காரங்ககிட்ட அதையாவது சொல்லிக்குவோம்." அதைக் கேட்ட பிறகு அம்மாவே நகைப் பேச்சை விட்டுவிட்டார். அது பெண்ணுக்குப் போடும் நகையாகத் தெரியவில்லை. எங்கள் சாதிக்கு விதித்த அபராதமாகத்தான் தெரிந்தது. அந்தப் பணத்தில் அக்கா மகளின் படிப்புக்கு ஒரு வைப்பு நிதி போடுகிறோம். இது எங்கள் கண்டுபிடிப்பும் இல்லை. தாலிக்குத் தங்கம் கொடுத்துவந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திருமண உதவித் திட்டத்தை அரசே 2022-இல் புதுமைப் பெண் திட்டமாக மாற்றி, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. அரசுக்குப் புரிந்த கணக்கு நம் வீடுகளுக்கும் புரிய வேண்டும்.

கல்யாணத்தில் எதைக் குறைக்கலாம் என்று நண்பர்கள் கூடி உட்கார்ந்தால் பட்டியலைத் தோரணத்திலிருந்து தொடங்காதீர்கள். முதல் வரியில் சாதியை எழுதி அடியுங்கள். அடுத்தது ஜாதகம், அடுத்தது புரோகிதர், அடுத்தது பவுன். அதற்குப் பிறகும் பணம் போதவில்லை என்றால் தென்னங்குருத்து எடுத்து வாருங்கள். நானும் வந்து முடைகிறேன்.